பின்னல் மாஸ்ட் மிதக்குமா?

பலகையில் நின்று, பாயைக் கையில் பிடித்துக் காற்றில் ஓடும் விண்ட்சர்ஃபிங்கில் எடையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் லாட்டிஸில் வந்து நிற்பார். கார்பன் இழையைக் குழாயாகச் சுருட்டாமல், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, இடையெல்லாம் வெற்றிடம் விட்டுச் செய்கிற சட்டகம் அது. மின்கோபுரமும் செல்போன் டவரும் நிற்கிற அதே முறைதான். இங்கே இரும்பு ஆங்கிளுக்குப் பதில் பென்சிலைவிட மெல்லிய கார்பன் குச்சிகள். கையால் பிடித்துத் தாங்கவேண்டிய பாய்க்கு இதைவிடப் பொருத்தமானது எது என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் அந்த ஆசை பல வருடமாக உண்டு. கணக்குப் போட்டும், உடைந்த சாமான்களை அறுத்துப் பார்த்தும் இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னல் நம் சாமான்களுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் வந்திருப்பது இழுவை தாங்கும் இடங்களில். பாயைத் தாங்கும் கம்பமான மாஸ்ட், கையால் பிடிக்கும் குறுக்குக் குழாயான பூம் என்று அழுத்தம் தாங்கும் இடங்களில் முழுக்கத் திறந்த பின்னல் தோற்கும். அது எப்படித் தோற்கிறது என்று பார்த்தால், வேறு எப்படிச் செய்யலாம் என்பதும் அங்கேயே தெரிகிறது.

இதைத் திரும்பக் கிளறிவிட்டவன் டெல்ஃப்டில் விமானப் பொறியியல் படிக்கும் ஒரு கோயம்புத்தூர்த் தம்பி. காற்று நன்றாக இருக்கும் சனிக்கிழமைகளில் ராட்டர்டாமுக்கு மேற்கே உள்ள ஓஸ்ட்ஃபோர்ன ஏரிக்கு என் வண்டியில் வருவான். கரையில் என்னுடைய பழைய மாஸ்ட் இரண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதை ஏன் இந்த சைக்கிள் மாதிரி பின்னிச் செய்யக் கூடாது?" என்று ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினான். "பாருங்கண்ணா, உள்ளே காத்துத்தான் இருக்குது. வெயிட்டே இல்லீங்ண்ணா."

அவன் காட்டியது அரான்டிக்ஸ். 2007-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டெல்டா 7 என்ற கம்பெனி கொண்டுவந்த மலைச் சைக்கிள். பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஜென்சன் உருவாக்கிய ஐசோட்ரஸ் என்ற பின்னல் முறையில் செய்தது. கார்பன் இழை முக்கோணம் முக்கோணமாகச் சுற்றிவர, கெவ்லர் நூல் அதை இறுக்கிக் கட்டியிருக்கும். பார்க்க அத்தனை அழகு. சட்டகம் மட்டும் ஒன்றேகால் கிலோவை ஒட்டி, விலை ஏறக்குறைய 7,000 டாலர். ஆனால் அதே காலத்து நல்ல கார்பன் குழாய்ச் சட்டகங்களும் அந்த எடையில் கிடைத்தன. இந்த ஒரு தகவலைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்ளவேண்டும். பின்னல் அங்கே ஜெயிக்கவில்லை, சமன்தான் செய்தது. ஏன்?

பின்னலின் பலம் எங்கே என்று தெரிய, சைக்கிளை விட்டுப் பெரிய உருப்படிகளிடம் போகவேண்டும். 1896-ல் ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கொரோட் கண்காட்சியில் பொறியாளர் விளாதிமிர் ஷூகோவ் நேர்க்கம்பிகளைச் சாய்த்துப் பின்னி ஒரு தண்ணீர்க் கோபுரத்தை நிறுத்தினார். 1922-ல் மாஸ்கோவில் அதே முறையில் 160 மீட்டர் உயர வானொலிக் கோபுரம் எழும்பியது. அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியில் பார்ன்ஸ் வாலிஸ் விமானத்தின் உடலையே பின்னலாகச் செய்தார். அந்த வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் 1936-ல் முதலில் பறந்தது. 11,000-க்கும் மேல் கட்டினார்கள். உடலில் பெரிய பெரிய ஓட்டைகளோடு அவை தளத்துக்குத் திரும்பிய புகைப்படங்களை இன்றும் பார்க்கலாம்.

வாலிஸின் பின்னலில் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. உடல் முறுக்கப்படும்போது ஒரு பட்டை அழுத்தத்தில் இருந்தால், அதைக் குறுக்கே கடக்கும் பட்டை இழுவையில் இருக்கும். இழுவையில் இருப்பது நேராக நிற்கும். அழுத்தத்தில் இருப்பது வளைந்து பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். இரண்டையும் சந்திக்கும் இடத்தில் கட்டிவிட்டால் முதலாவது இரண்டாவதைப் பிடித்து நிறுத்தும். மெல்லிய குச்சி அழுத்தத்தில் பிதுங்காமல் தாங்கும் சுமை அதன் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ். நீளத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு தாங்கும். பின்னல் செய்வது அதைத்தான்: நீண்ட குச்சியைப் பல குட்டைக் குச்சிகளாக்கிவிடுகிறது.

சரி, இந்தப் பெரிய உருப்படிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது என்ன? உருவம் பெரிது, அந்த உருவத்துக்குச் சுமை குறைவு. கோபுரத்தை முழுத்தகட்டால் செய்தால் சுமைக்குத் தேவைப்படும் தகடு காகிதம் அளவுக்கு மெலிந்து, தொட்டால் நெளியும். அந்த மெலிந்த தகட்டின் பொருளை எல்லாம் திரட்டிக் குச்சிகளாக்கினால் குச்சி ஒவ்வொன்றும் நெளியாத அளவுக்குத் தடிமனாகும். பின்னல் லாபம் தருவது அந்தக் கட்டத்தில்தான். சுவர் ஏற்கெனவே தடிமனாக இருக்கும் சிறு குழாயில் அந்த லாபத்துக்கு இடமே இல்லை. அரான்டிக்ஸ் சமன் செய்ததோடு நின்றதற்குக் காரணம் இது என்று நினைக்கிறேன்.

கப்பல் மாஸ்ட்டிலேயே பின்னல் போட்டுப் பார்த்ததும் நடந்திருக்கிறது. முதல் உலகப்போருக்கு முந்தைய சில ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படை தன் போர்க்கப்பல்களுக்கு ஷூகோவ் கோபுரம் போன்ற கூண்டு மாஸ்ட்டுகள் வைத்தது. எடை குறைவு, குண்டு பட்டுச் சில கம்பிகள் அறுந்தாலும் மீதி தாங்கும் என்ற எண்ணம். 1918 ஜனவரியில் ஹாட்டரஸ் முனைக்கு அப்பால் புயலில் யு.எஸ்.எஸ். மிச்சிகன் கப்பலின் முன்மாஸ்ட் மடங்கி விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். முன்னொரு முறை பீரங்கிக் குழல் வெடித்து அந்த மாஸ்ட் அடிபட்டு, பழுதுபார்க்கப்பட்டிருந்தது. பின்னலில் பல கம்பிகள் இருப்பது காப்பு என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஓரிடத்தில் ஒரு சுற்றுக் கம்பிகள் பலவீனமாகிவிட்டால், பக்கத்துக் கம்பிகள் அழுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிதுங்கும். அந்தச் சரிவை நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

இனி நம் மாஸ்ட்டுக்கு வருகிறேன்.

என்னுடையது உடைந்தது பூம் கவ்வும் இடத்துக்குச் சற்றுக் கீழே. பெரும்பாலான மாஸ்ட்டுகள் அங்கேதான், அல்லது இரண்டு பாகமும் சேரும் இணைப்பில்தான் உடைகின்றன. உடைந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தால் கதை முழுக்க எழுதியிருக்கிறது. இழுபட்ட பக்கத்தில் கார்பன் நார் நாராக நீட்டிக்கொண்டு நிற்கிறது. அமுங்கிய பக்கத்தில் அடுக்கு அடுக்காகப் பிரிந்து, உள்பக்கமாக மடிந்திருக்கிறது. அங்கிருந்து நீளவாக்கில் ஒரு விரிசல் ஒரு முழத்துக்கு ஓடியிருக்கிறது. அந்த விரிசல்தான் முக்கியம். வளையும்போது குழாயின் வட்டம் அமுங்கி முட்டை வடிவாகிறது. வடிவம் தட்டையாகத் தட்டையாக விறைப்பு குறைகிறது. குறையக் குறைய இன்னும் தட்டையாகிறது. 1927-ல் பிரேசியர் என்ற ஆய்வாளர் இதைக் கணக்காக எழுதியதால் இதற்கே பிரேசியர் விளைவு என்று பெயர். பூம் கவ்வி வேறு இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்குகிறது. நீளவாக்கில் ஓடும் இழைகளுக்கு இந்த நெருக்கலைத் தாங்கத் தெரியாது. வட்டமாகச் சுற்றிய இழைதான் தாங்கவேண்டும். அது என் மாஸ்ட்டில் குறைவாகத்தான் இருந்தது.

மாஸ்ட் வெறும் விறைப்பான கம்பமாக இருந்தாலும் ஆகாது. அது வளையவேண்டும், குறிப்பிட்ட அளவுக்கு, குறிப்பிட்ட வளைவில். அடியில் கப்பி போட்டு, பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் டவுன்ஹால் கயிற்றை உடம்பின் முழுப் பலத்தோடு இழுக்கிறோம். அந்த இழுப்பு மாஸ்ட்டை நீளவாக்கில் அமுக்கி வில்லாக வளைக்கிறது. அப்போதுதான் பாயின் மேல்பகுதி தளர்ந்து, திடீர்க் காற்று வரும்போது தானாகத் திரும்பிக் காற்றை விடும். இந்த விறைப்பை அளக்க ஐ.எம்.சி.எஸ். என்ற முறை இருக்கிறது. இரண்டு முனையையும் தாங்கி வைத்து, நடுவில் 30 கிலோ தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பார்கள். நீளத்தைத் தொய்வால் வகுத்தால் வருவது அந்த எண். 460 செ.மீ. மாஸ்ட் 18.4 செ.மீ. தொய்ந்தால் எண் 25. கால்தூரத்திலும் முக்கால்தூரத்திலும் எவ்வளவு தொய்கிறது என்பதையும் அளந்து, அடி விறைப்பா நுனி விறைப்பா என்று சொல்வார்கள். பாய் தைப்பவர் இந்த வளைவை மனதில் வைத்துத்தான் துணியை வெட்டுகிறார்.

ஆக, நீளவாக்கில் அழுத்தம், வளைவு, கவ்வியின் நெருக்கல், அதற்குமேல் அலையில் விழுந்தால் அடியில் மணலில் மோதும் அடி. எல்லாம் ஒரே நேரத்தில், ஒரு கைக்குள் அடங்கும் தடிமனில்.

இந்த இடத்தில் மாஸ்ட்டின் சமீப வரலாறு தெளிவாக ஒரு விஷயத்தைச் சொல்கிறது. பழைய தரமான தடித்த மாஸ்ட்டின் அடி உள்விட்டம் 48 மி.மீ. பிறகு வந்த மெலிந்த மாஸ்ட்டின் உள்விட்டம் 32 மி.மீ. கணக்குப்படி குழாயின் வளைவு விறைப்பு ஆரத்தின் முப்படியோடும் சுவர்த் தடிமனோடும் ஏறும். எடை ஆரத்தோடும் தடிமனோடும் ஏறும். ஒரே இழையில், ஒரே விறைப்பு வேண்டுமென்றால், அடிப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், மெலிந்த மாஸ்ட் தடித்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடை வரவேண்டும். கடையில் அப்படி வருவதே இல்லை. வித்தியாசம் சொற்பம். அப்படியென்றால் தடித்த மாஸ்ட் தன் வடிவத்துக்குக் கிடைக்கவேண்டிய லாபத்தை எங்கோ இழந்துகொண்டிருக்கிறது. எங்கே? சுவரை அவ்வளவு மெலிதாக்க முடியாது. ஆக்கினால் கவ்வியில் நசுங்கும், கல்லில் பட்டால் பிளக்கும், வளையும்போது முட்டையாகும். அதனால் விறைப்புக்குத் தேவையில்லாத பொருளைச் சுவரைக் காப்பாற்றவே போடுகிறார்கள்.

அலையில் விளையாடுபவர்கள் இதை உடைந்த மாஸ்ட்டுகள் மூலம் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஒட்டுமொத்தமாக மெலிந்த மாஸ்ட்டுக்கு மாறிவிட்டார்கள். சுவர் தடிமன், அடி தாங்கும், கைக்கும் வாகு. தடித்த மாஸ்ட் இன்று பெரும்பாலும் கேம்பர் (பாயின் வளைவைக் காக்க மாஸ்ட்டில் கவ்வி நிற்கும் துண்டு) வைத்த பந்தயப் பாய்களில்தான் இருக்கிறது. பொருளை மையத்திலிருந்து தள்ளி வை என்கிறது பின்னல். அலைக்காரர்கள் தங்கள் பணத்தைப் போட்டு அதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்திருக்கிறார்கள். பின்னல் மாஸ்ட் செய்ய நினைக்கும் யாரும் இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போகமுடியாது.

தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப பந்தய மாஸ்ட்டுக்குப் பின்னலாம்ல?" என்றான். நியாயமான கேள்வி. காற்றுத் தடையைப் பற்றிய கவலைகூட அங்கே இல்லை. வெளியே நின்றால் நூறு சின்னக் குச்சிகள் ஒரு குழாயைவிட மோசமாகக் காற்றைக் கலைக்கும். ஆனால் மாஸ்ட் பாயின் முன்விளிம்புப் பைக்குள் ஒளிந்திருக்கிறது. காற்று அதைப் பார்ப்பதே இல்லை.

தண்ணீர் பார்க்கும். நான் அதிகம் யோசித்தது இந்தத் தண்ணீரைப் பற்றித்தான். 460 தடித்த மாஸ்ட்டின் மொத்த கனஅளவு தோராயமாக 5 லிட்டர். குழாயாக இருந்து, உள்ளே அடைப்பு வைத்திருந்தால், அந்த 5 லிட்டரில் பெரும்பகுதி காற்று. பாய்த்துணி பாலியெஸ்டர், தண்ணீரைவிடக் கனம். கார்பனும் எபாக்சியும் சேர்ந்தது ஒன்றரை மடங்கு கனம். விழுந்தபிறகு பாய் தண்ணீரின் மேல் கிடப்பதற்குப் பெரிய காரணம் மாஸ்ட்டுக்குள் இருக்கும் அந்தக் காற்று. தண்ணீரில் கிடந்தபடியே பாயைக் காற்றில் பிடித்து எழும் வாட்டர்ஸ்டார்ட் செய்கிற எவருக்கும் தெரியும்: மாஸ்ட் நுனி மேலே மிதந்தால் காற்று அதன் அடியில் புகுந்து பாயைத் தானே தூக்கும். நுனி முங்கிப்போனால் இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிடும். திறந்த பின்னலில் காற்று நிற்க இடமில்லை. அது முங்கும். தூக்கும்போது பின்னலுக்குள் நிறைந்த தண்ணீர் வடியும்வரை அதையும் சேர்த்துத் தூக்கவேண்டும். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ.

உள்ளே நுரை நிரப்பலாம். கன மீட்டருக்கு 30 கிலோ அடர்த்தியுள்ள மூடிய நுரை என்றால் 5 லிட்டருக்கு 150 கிராம். நல்ல முழுக்கார்பன் 460 மாஸ்ட் 1.8 கிலோவை ஒட்டி இருக்கிறது. பின்னலால் தாராளமாகக் கால்பங்கு மிச்சம் என்று வைத்தாலும் 450 கிராம். நுரைக்கு 150 போனால் 300. பூம் கவ்வும் இடத்தில் உயரத்தை மாற்றிக்கொள்ள ஒரு முழம் நீளத்துக்குக் கெட்டியான உறை வேண்டும். இணைப்பில் வேண்டும். அடியில், நீளத்தைக் கூட்டும் எக்ஸ்டென்ஷன் நுழையும் இடத்தில் வேண்டும். கேம்பர் ஒவ்வொன்றும் வழுக்கிச் சுழல, அதனதன் இடத்தில் வழவழப்பான வளையம் வேண்டும். உறையும் பின்னலும் சேரும் ஒவ்வொரு விளிம்பும் விறைப்பு திடீரென்று மாறும் இடம், அதாவது அடுத்த உடைப்பு தொடங்கும் இடம். 300 கிராம் எங்கே போயிற்று என்று தேடவேண்டிவரும்.

இன்னொன்று, இழையைப் பற்றியது. கார்பன் இழை நேராக இருந்தால்தான் அழுத்தம் தாங்கும். சற்று அலைந்தாலும் தாங்கும் வலு வேகமாக இறங்கும். குழாய் செய்யும்போது இழையை இறுக்கிச் சுற்றி, அழுத்தத்தில் வேகவைத்து, உள்ளிருக்கும் காற்றுக்குமிழை வெளியேற்றுகிறார்கள். பின்னலில் குச்சியும் குச்சியும் கடக்கும் ஒவ்வொரு மூட்டிலும் இழை மேடேறி இறங்குகிறது. திறந்து நிற்கும் குச்சியை எந்த அச்சும் நெருக்குவதில்லை. ஐசோட்ரஸில் கெவ்லர் சுற்றுவது ஓரளவுக்கு இந்த நெருக்கலைக் கொடுக்கத்தான்.

பூம் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அது கை பிடிக்கும் பொருள். விரலுக்குள் அடங்கும் தடிமனில் பின்னலுக்கு இடமில்லை. கார்பன் குழாய்க்கு இப்போதிருக்கும் வடிவமே நல்லது.

போர்டுக்கு வந்தால் கதை மாறுகிறது, ஏனென்றால் அது பெரிய உருவம். இன்றைய விண்ட்சர்ஃப் போர்டின் உள்ளே இருப்பது நமக்கெல்லாம் டி.வி. பெட்டிக்குள் தெரிந்த அதே தெர்மாகோல். அதன்மேல் சில மி.மீ. தடிமனில் பி.வி.சி. நுரை, அதன் இருபுறமும் எபாக்சியில் தோய்ந்த கண்ணாடியிழை அல்லது கார்பன். தெர்மாகோலின் அடர்த்தி கன மீட்டருக்கு 18 கிலோ என்று வைத்தால் அதில் 98 சதவீதம் காற்று. 100 லிட்டர் போர்டில் தெர்மாகோல் 1.8 கிலோதான். 7 கிலோ போர்டில் மீதி எல்லாம் தோல், ஃபின் பெட்டி, மாஸ்ட் தடம், ஸ்ட்ராப் திருகுகளுக்கான பிளக், பெயின்ட், பாதத்துக்கான பேட். உள்ளிருப்பதை எடையே இல்லாத பின்னலாக மாற்றினாலும் கிடைக்கக்கூடியது அந்த 1.8 கிலோவுக்குள்தான்.

ஆனாலும் இங்கே பின்னலுக்கு உண்மையான வாதம் ஒன்று இருக்கிறது. நுரையின் அடர்த்தியைப் பாதியாக்கினால் விறைப்பு கால்பங்காகிவிடும். அதன் மெல்லிய சுவர்கள் வளைந்து தாங்குகின்றன. முக்கோணங்களால் ஆன பின்னலில் குச்சிகள் வளைவதில்லை, நீளவாக்கில் இழுபடுகின்றன அல்லது அமுங்குகின்றன. அங்கே அடர்த்தி பாதியானால் விறைப்பும் பாதிதான் குறையும். 2001-ல் தேஷ்பாண்டே, ஆஷ்பி, ஃப்ளெக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதற்கான நிபந்தனையை எழுதினார்கள்: ஒரே மாதிரியான மூட்டுகள் கொண்ட பின்னலில் ஒவ்வொரு மூட்டிலும் 12 குச்சிகள் சந்திக்கவேண்டும். மிகக் குறைந்த அடர்த்தியில் பின்னல் நுரையைப் பல மடங்கு முந்தும்.

முந்தியும் குதிகாலிடம் மாட்டிக்கொள்கிறது. 1 மி.மீ. தடிமன் குச்சிகளால் தெர்மாகோலைப் போலவே 2 சதவீதம் மட்டும் நிரப்பிப் பின்னினால் மூட்டுக்கு மூட்டு ஏறக்குறைய 18 மி.மீ. இடைவெளி வரும். அந்த இடைவெளியில் போர்டின் தோல் எதன்மேலும் படாமல் தொங்குகிறது. தாவிக் குதித்து இறங்கும்போது குதிகால் முழு எடையோடு அந்தத் தோலில்தான் விழுகிறது. தெர்மாகோல் தோலின் ஒவ்வொரு புள்ளியையும் தாங்குகிறது, பலவீனமாகத்தான், ஆனால் விடாமல். பின்னலில் அதைச் சமாளிக்கத் தோலைத் தடிமனாக்கவேண்டும். மிச்சம் பிடித்த எடை மேலே போய் உட்கார்ந்துவிடும். அலைச்சறுக்குப் பலகையில் சுமை குறைவு, அங்கே இது நடக்கிறது. 1930-களின் தொடக்கத்திலேயே டாம் பிளேக் உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்து வெற்றுப் பலகைகள் செய்து காப்புரிமை வாங்கினார். இப்போது பிரான்ஸில் வைவ் என்ற கம்பெனி உள்கூட்டை அறை அறையாக 3டி பிரிண்ட் செய்து மேலே தோல் போர்த்துகிறது. விண்ட்சர்ஃபிங்கில் மாஸ்ட்டின் அடி வேறு டெக்கை நடுவில் குத்திக்கொண்டிருக்கும். ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் வெற்று போர்டு முழுக்க நிறையும். தெர்மாகோல் போர்டு அந்த ஓட்டையோடும் கரை சேர்த்துவிடும். கடலில் தனியாக இருக்கும்போது எனக்கு அது பெரிய விஷயம்.

பின்னல் ஏற்கெனவே வந்துவிட்டது என்று தொடக்கத்தில் சொன்னேன். பாயை வெயிலில் பிடித்துப் பாருங்கள். எக்ஸ்-பிளை துணியில் இரண்டு மெல்லிய ஃபிலிமுக்கு நடுவே நூல்கள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. நூல் இல்லாத பிளாஸ்டிக் தாளான வெறும் மோனோஃபிலிமில் ஒரு கீறல் விழுந்தால் அது அந்தத் துண்டின் மறுமுனைவரை ஓடிவிடும். எக்ஸ்-பிளையில் அடுத்த நூலில் போய் நின்றுவிடும். என் பாயின் அடிப்பகுதியில் கால்விரல் அளவுக்கு ஒரு ஓட்டை நான்கு பக்கமும் நூலால் அணைகட்டி அப்படியே இருக்கிறது, மேலே டேப் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நூல் இழுவையில் மட்டுமே வேலை செய்கிறது. அதற்குப் பிதுங்குவது என்ற பயமே இல்லை. எவ்வளவு மெலிதாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

காற்றடிக்கும் போர்டும் அப்படியே. மேல்தோலையும் கீழ்த்தோலையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இணைக்கின்றன. காற்று அமுக்கி இரண்டையும் விலக்கப் பார்க்க, நூல்கள் இழுத்துப் பிடிக்கின்றன. அதனால்தான் அது உருண்டையாக உப்பாமல் தட்டையாக நிற்கிறது. கயிற்றுக்கட்டிலில் கயிறு முழுக்க இழுவையில் இருக்க, அமுங்கும் வேலையைக் கட்டை எடுத்துக்கொள்வதைப்போல, இங்கே அமுங்கும் வேலையைக் காற்று எடுத்துக்கொள்கிறது. இந்தப் பங்கீடு சரியாக அமைந்த இடத்தில் பின்னலை வெல்ல வேறு எதுவும் இல்லை.

அப்படியானால் மாஸ்ட்டில் அமுங்கும் வேலையையும் வட்டம் காக்கும் வேலையையும் பிரித்துக் கொடுத்தால் என்ன? இதைத்தான் ராக்கெட்டுக்காரர்கள் செய்கிறார்கள். மெல்லிய தோலை வைத்து, அதன் உள்பக்கம் சாய்ந்த விலாக்களை ஓடவிடுகிறார்கள். ரஷ்யாவில் வசிலியேவ் குழுவினர் கார்பன் இழையால் சாய்ந்த விலாக்களாகப் பின்னிய உறுப்புகள் புரோட்டான்-எம் ராக்கெட்டில் பறந்திருக்கின்றன. தடித்த மாஸ்ட்டில் சுவரைக் காப்பாற்றுவதற்காக எல்லா இடத்திலும் பரப்பிவைத்திருக்கும் பொருளை எடுத்து, உள்பக்கம் திருகுச் சுற்றாக ஓடும் மெல்லிய விலாக்களாக்கலாம். வட்டம் அமுங்குவதை விலா தடுக்கும். பூம் கவ்வும் இடத்தில் விலாக்களை நெருக்கி வைக்கலாம். விறைப்பு படிப்படியாக மாறும், விளிம்பு இருக்காது. நீளவாக்கில் ஓடும் விரிசல் அடுத்த விலாவில் நிற்கும். வெளிப்பக்கம் வழவழப்பாகவே இருக்கும், கேம்பர் சுழலும். உள்ளே காற்று அடைபட்டு நிற்கும், மிதக்கும். செய்முறையும் கற்பனைக்கு எட்டாததல்ல: நடுக்கம்பின்மேல் வாய்க்கால் வெட்டிய சிலிகோன் உறை, வாய்க்காலில் முதலில் விலா இழை, அதன்மேல் தோல் இழை, வெந்தபிறகு கம்பை உருவி, சிலிகோனை உரித்து இழுக்கவேண்டும். மாஸ்ட் அடியிலிருந்து நுனிக்குக் குறுகிப்போவதால் உருவுவதும் எளிது.

இதை முதலில் யாருக்குச் செய்யவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தைகளுக்கு. பாயில் வரும் விசை எவ்வளவு பெரிதானாலும் அதை எதிர்த்துச் சாய்வது ஓட்டுபவரின் உடல் எடை. அதற்குமேல் காற்று வந்தால் தூக்கி எறிந்துவிடும். 25 கிலோ குழந்தையின் மாஸ்ட்டுக்கு வரும் சுமை 75 கிலோ ஆளின் மாஸ்ட்டுக்கு வருவதில் சுமார் மூன்றில் ஒன்று. அந்தச் சுமைக்குக் கணக்குப்படி சுவர் போட்டால் விரலால் நசுக்கலாம். அதனால் கம்பெனிகள் கெட்டியான கண்ணாடியிழைக் குழாயைக் கொடுக்கின்றன. உடலோடு ஒப்பிட்டால் பெரியவர்கள் தூக்குவதைவிட அதிகக் கனத்தைக் குழந்தைகள் தூக்குகிறார்கள். எங்கள் ஏரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பார்க்கிறேன். ஒரு பெண் குழந்தை போர்டில் நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் முழுக்கச் சாய்ந்து, பாயின் மேல் தேங்கிய தண்ணீரோடு போராடி, பாதி தூக்கி, மறுபடி விழுவாள். காற்றைப் பற்றி அவள் ஒன்றுமே கற்றிருக்கமாட்டாள். அதற்குள் உதடு நீலமாகிக் கரைக்கு வந்துவிடுவாள். பெரியவர்களுக்கு அரைக்கிலோ குறைந்தால் ஒரு வசதி. அவளுக்கு அரைக்கிலோ குறைந்தால் அன்று அவள் ஓட்டுவாள். உருவத்துக்குச் சுமை குறைவு என்ற பின்னலின் நிபந்தனை முழுக்கப் பொருந்தும் இடமும் அதுதான்.

தம்பி இதைத் தன் படிப்பின் செய்முறை வேலையாக எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறான். முதலில் ஒரு மீட்டர் துண்டு மட்டும். கார்பன் வேண்டாம், கண்ணாடியிழையே போதும். விலை குறையும், அடி தாங்கும். அதே எடையில் விலா இல்லாத ஒரு குழாயையும் பக்கத்தில் செய்து, நடுவில் எடை தொங்கவிட்டு இரண்டின் தொய்வையும் அளப்போம். பிறகு பூம் கவ்வியைப் போட்டு எது முதலில் நசுங்குகிறது என்று பார்ப்போம். விலா திருகிச் செல்லும் கோணத்தை 30 பாகையில் தொடங்கலாம் என்கிறான் அவன். கவ்வும் இடத்தில் 60 வேண்டும் என்கிறேன் நான். சிலிகோன் அச்சை வெட்டாமல், கிழியாமல் உருவியெடுத்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். இப்போதைக்கு நாங்கள் நின்றுகொண்டிருப்பது அங்கேதான்.